பதினேழாவது டேக்

மறுபடியும் வாய் தப்பிவிட்டது. ஸ்பீக்கரில் 'வெயிலே' என்று பாட்டு முடிந்து அரை நொடி கழித்துத்தான் ஷைனியின் உதடு 'வெயிலே' என்று அசைகிறது, அசைந்தது தப்பு என்று அவளுக்கே தெரிகிறது, தெரிந்ததும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, பதினோராவது டேக்கில் என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது. கட், என்றேன், கட் கட். ஹாரூன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் "இது பரவால்ல கோமு, தூரத்துல இருந்து பாத்தா தெரியாது" என்றான். தூரத்திலிருந்து! மூன்று நிமிஷம் நாற்பது நொடிப் பாட்டை எவன் தூரத்திலிருந்து பார்ப்பான், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டிபார்ட்மென்ட் ஹாலில் சுவர் அகலத்துக்குத் திரையைக் கட்டி, வெளியூரிலிருந்து வருகிற எக்ஸாமினரை முன்வரிசையில் உட்கார வைத்துப் போடப்போகிறார்கள், ஷைனியின் வாய் அதில் ஒரு ஜன்னல் அளவுக்கு இருக்கும், அரை நொடி அரை மணி நேரமாகத் தெரியும், அதற்கு மேலே டைரக்‌ஷன் கோமதி என்று என் பெயர் ஓடும். மூன்று வருஷப் படிப்பின் கடைசி ப்ராஜெக்ட். மணி நாலே முக்கால். ஆறு மணிக்கு மேல் ஒரு ஆள் உப்பளத்துக்குள்ளே நிற்கக்கூடாது என்று கணக்கப்பிள்ளை அண்ணாச்சி சொல்லிவிட்டார், சொல்லிவிட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவரையும் கூப்பிட்டு வாயசைக்கச் சொன்னால் ஷைனியைவிட நன்றாகச் செய்வார் போல. எங்கே பார்த்தாலும் வெள்ளை. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பு வரப்பாக உப்பு, அந்தக் கடைசியில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்து ஓலை மூடியிருக்கிறார்கள், காலையிலிருந்து இதைப் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருக்கிறது, உதட்டை நக்கினால் உப்பு, கையைத் துடைத்தால் உப்பு, டீயைக் கொண்டுவந்து கொடுத்தால் அதுவும் உப்புக் கரிக்கிறது. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு, உப்பளத்துக்குள் கால் வைத்தது இன்றைக்குத்தான் முதல் தடவை என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா.

பன்னிரண்டாவது டேக்கில் தெர்மாகோல் பறந்துவிட்டது. வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்க வேண்டும் என்று ஆளுயர வெள்ளை தெர்மாகோல் அட்டையைக் கொண்டுவந்திருந்தோம், சுற்றிலும் ஊரே வெள்ளையாகக் கிடக்கிற இடத்துக்கு வெள்ளை அட்டை எதற்கு என்று யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான் தோன்றவில்லை, கடல்காற்று ஒரு இழுப்பு இழுத்ததும் அது நாலு பாத்தி தாண்டிப் போய்த் தண்ணீரில் படுத்துக்கொண்டது. ஓடிப்போய் எடுத்து வந்தது பேச்சி, எங்கள் கிளாஸ்தான். நான் யாரையும் போகச் சொல்லவில்லை, ஹாரூன் கேமராவைப் பிடித்திருந்தான், ஷைனியால் அந்த ஹீல்ஸ் செருப்போடு வரப்பில் நிற்கவே முடியாது, அதனால் பேச்சி போனாள், வழுக்காமல், கீழே பார்க்காமல், வீட்டுக்குள் நடக்கிற மாதிரி போய்விட்டு வந்தாள். அவளுடைய அம்மா இந்த அளத்தில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் பேச்சியும் வருவாளாம். அப்படி வந்த ஏதோ ஒரு நாள்தான் இந்தப் பாட்டை அவளாக முனகி முனகிக் கட்டியிருக்கிறாள், 'வெள்ள வெயிலே வெள்ள வெயிலே, கண்ண மூடுனா செவப்பா வார', அதை ஒரு தடவை கேன்டீனில் எச்சில் தட்டைக் கழுவிக்கொண்டே அவள் பாடியபோது நான்தான் பக்கத்துக் குழாயில் நின்றேன், தண்ணீரை மூடிவிட்டுக் கேட்டேன், இன்னொரு தரம் பாடு என்றேன். இதைப் படமாக எடுப்போம் என்று சொன்னதும் நான்தான். பாட்டு அவளுடையது, குரல் அவளுடையது, அளத்தில் நிற்க அண்ணாச்சியிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தது அவளுடைய அம்மா. இப்போது அவள் ட்ரைபாடுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்துக்கொள்கிறாள். நான் 'ஆக்‌ஷன்' என்றால் அவள் போனில் பாட்டைத் தட்டிவிட வேண்டும். அவளுடைய குரலை அவளே தட்டிவிடுகிறாள், ஷைனி வாயசைக்கிறாள். இப்படி யோசிக்கக்கூடாது. அடுத்த டேக்கைப் பார்ப்போம்.

எல்லாம் திட்டம் போட்டுத்தான் செய்தேன், அதுதான் எரிச்சலாக இருக்கிறது. நாற்பத்திரண்டு ஷாட், ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்து, எத்தனை மணிக்கு வெயில் எந்தப் பக்கம் விழும் என்று அம்புக்குறி போட்டு, அட்டையில் கிளிப் மாட்டி வைத்திருக்கிறேன், அதில் முடிந்தது ஒன்பது. அம்புக்குறி ஒரு பக்கம், வெயில் இன்னொரு பக்கம். கேன்டீனில் கடைசி மேஜையில் உட்கார்ந்து நாங்கள் மூன்று பேரும் பேசிய அன்றைக்கு எல்லாம் எவ்வளவு சுலபமாக இருந்தது, ஹாரூன் பஜ்ஜியைத் தின்றுகொண்டே "யாரு நடிக்கா?" என்றான், எல்லாரும் ஒரு நொடி சும்மா இருந்தோம். ஒரு நொடிதான். அதற்கு முந்தின நாள் ஸ்க்ரிப்டைப் பார்த்த சார் "கான்செப்ட் நல்லாருக்கும்மா, ஆனா மியூசிக் வீடியோன்னா முகம்தான், லட்சணமா ஒரு முகத்தப் போடு" என்று சொல்லியிருந்தார், அது என் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. பேச்சி தன் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பி, ரொம்பப் பிரியமாக, தோளில் கையைக் கூடப் போட்டு, "ஏட்டி, உனக்குக் கேமரா முன்னால நிக்கக் கூச்சமா இருக்கும்லா?" என்றேன். அவள் "ஆமா" என்றாள். அவ்வளவுதான். அவளே சொன்னாள், நான் சொல்லவில்லை, ஹாரூனிடம் கேட்டால் அவனும் அதைத்தான் சொல்வான், பேச்சிதான் வேண்டாம் என்றாள். ஆனால் அந்த 'லா'. கூச்சமா இருக்குமா என்று கேட்டிருக்கலாம். நீ நடிக்கியா என்று நேராகவே கேட்டிருக்கலாம். இருக்கும்லா. பதிலை உருட்டி உருண்டையாக்கி அவள் வாயில் நானே வைத்துவிட்டு, அவள் முழுங்கியதும் பார்த்தியா அவளே தின்னுட்டா என்று சொல்கிறேன். மூன்று வாரமாகப் பல் இடுக்கில் சிக்கின நார் மாதிரி அந்த ஒரு எழுத்து சிக்கிக்கொண்டிருக்கிறது, நாக்கு அங்கேயேதான் போகிறது. சித்தி மகள் கல்யாணத்தில் வீடியோக்காரர் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோடு என்னையும் நிற்கச் சொன்னபோது அம்மா என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "இவளுக்குப் போட்டோன்னாலே ஆவாது" என்று சிரித்தாள். எனக்கு ஆகும். அன்றைக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து சடை தைத்திருந்தேன். என்னுடைய நிறத்துக்கு அந்த மஞ்சள் பட்டு எடுப்பாக இல்லை என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கும், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருப்பாள். அதற்குப் பிறகு நான் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டேன், பின்னால் நின்றால் யாரும் நகரச் சொல்ல மாட்டார்கள், அதட்டவும் செய்யலாம். பேச்சிக்கும் பின்னால் நிற்கத்தான் பிடிக்கும் என்று நான் நினைத்தது நிஜம். பாதி நிஜம். மீதிப் பாதி, திரையில் அவள் முகத்தை நினைத்துப் பார்த்தேன், சார் முகத்தை நினைத்துப் பார்த்தேன், எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

"கோமு, கால் எரியுதுட்டி" என்று ஷைனி சொல்கிறாள். செருப்பைக் கழற்றச் சொன்னது நான்தான், வெறுங்காலோடு வரப்பில் நடந்தால் அழகாக இருக்கும் என்று ஷாட் பதினான்கில் எழுதியிருக்கிறேன், உப்பு கண்ணாடிச் சில்லு மாதிரி குத்தும் என்று எழுதவில்லை. அவள் ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள், குதிகாலில் சின்னதாக ஒரு கீறல், அதில் உப்புத் தண்ணீர். பாவம்தான். மேக்கப் வியர்வையில் வழிந்து கழுத்தில் கோடு கோடாக இறங்கியிருக்கிறது, வெயிலுக்கு எதிரே கண்ணைத் திறந்து வைக்க முடியாமல் கண்ணீர் வடிகிறது, பி.காம் படிக்கிற பிள்ளை, மதிப்பெண்ணா கிடைக்கப் போகிறது இவளுக்கு, நான் கேட்டேன் என்பதற்காக வந்திருக்கிறாள். இதெல்லாம் தெரிந்தும் எனக்கு அவளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. பதின்மூன்றாவது டேக்கில் பாட்டு ஓடும்போதே லாரி ஒன்று வந்து பின்னால் நின்றது. பதினாலாவதில் நடுவிலேயே நிறுத்திவிட்டு, "இந்த எடத்துல எப்ப மூச்சு எடுக்கான்னே எனக்குப் பிடிபட மாட்டுக்கு" என்றாள். "எடுக்கான்னா? யாரு எடுக்கா?" என்றேன். "பேச்சிதான். மூச்சே எடுக்காம நாலு வரி பாடுதா, எனக்கு வாய் முந்துது இல்லன்னா பிந்துது." "ஒரு வாரமா பாட்டக் கேட்டுக்கிட்டுத்தான இருக்க, வெறும் வாய அசைக்கிறதுக்கு என்ன கேடு உனக்கு?" என்று கத்தினேன். என் குரல் அந்த வெட்டவெளியில் போய்க்கொண்டே இருந்தது, அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்து பார்த்தார். ஷைனி முகம் சுருங்கிவிட்டது. கத்தினது போதாதென்று கையிலிருந்த அட்டையைத் தூக்கி வரப்பில் எறிந்தேன், நாற்பத்திரண்டு ஷாட்டும் அம்புக்குறியும் கிளிப்புமாகப் போய் அது ஸ்பீக்கரின் மேல் விழுந்தது, ஸ்பீக்கர் நிதானமாக ஒரு புரளல் புரண்டு பாத்திக்குள் இறங்கியது. 'வெள்ள வெயி' என்று ஒரு சத்தம், அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து கொர்ர் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. "எங்கண்ணன் ஸ்பீக்கருட்டி அது" என்று ஹாரூன் மெதுவாகச் சொன்னான். அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போனில் வைத்துப் பார்த்தோம், இந்தக் காற்றில் போன் சத்தம் ரெண்டு அடி தாண்டவில்லை. ஐந்தேகால். வெயில் மஞ்சளாகிவிட்டது, இதற்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தேன், இந்த அரைமணி நேரத்துக்காக, இப்போது பாட்டு இல்லை. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன், நினைத்ததும் ஒரு நிம்மதி கூட வந்தது, வீட்டில் அப்பா "நான் அப்பவே சொன்னேன்லா" என்பார், என்று அது பாட்டுக்கு ஓடியது மனசு. அப்போது பேச்சி குடையை மடக்கினாள். "நான் பாடுதேன்," என்றாள், "அவளுக்குக் கேக்கணும், அவ்வளவுதான?" ஹாரூன் பக்கத்தில், ட்ரைபாடுக்கு ஒரு எட்டு பின்னால் நின்று, தொண்டையைக்கூடச் செருமாமல் ஆரம்பித்துவிட்டாள். பதினைந்தாவது டேக். ஸ்டுடியோவில் பதிவு செய்தபோது ஸ்பாஞ்ச் ஒட்டின அறைக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்த குரலா இது, இங்கே அது தண்ணீர் மேலே சறுக்கிக்கொண்டு போகிறது, காற்று தள்ளுகிற இடத்தில் அவள் விட்டுக்கொடுக்கிறாள், காற்று விடுகிற இடத்தில் பிடித்துக்கொள்கிறாள், இந்தப் பாட்டை இந்தக் காற்றுக்காகத்தான் கட்டியிருக்கிறாள் போல. ஷைனி கண்ணை மூடிக்கொண்டு வாயசைத்தாள். நான் ஷைனியைப் பார்க்கவில்லை. பேச்சியைத்தான் பார்த்தேன். நெற்றியைச் சுருக்கி, கண்ணைப் பாதி இடுக்கி, வெயிலை வம்புக்கு இழுக்கிற மாதிரி நின்று பாடினாள், கன்னத்தில் உப்புப் பூத்திருந்தது, துடைக்கவில்லை. மூன்று வாரமாக நான் அட்டையில் வரைந்துகொண்டிருந்த படம் இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. திரும்பி மானிட்டரைப் பார்த்தால், அங்கேயும் பேச்சி. ஹாரூன் என்னைக் கேட்கவில்லை, கேமராவைச் சத்தமில்லாமல் திருப்பியிருந்தான். என்னைப் பார்த்துப் புருவத்தை ஏற்றினான். நான் தலையை ஆட்டினேன். எடு என்றுதான் ஆட்டினேன், வேறு எதுவும் இல்லை, அந்த நாற்பது நொடியும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

'செவப்பா வார' என்ற இடத்தில் அவள் கண்ணைத் திறந்தாள், லென்ஸ் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள், பாட்டு நின்றது. "என்ன ஏன் எடுக்கீங்க?" சத்தம் போடவில்லை. ஷைனியும் கண்ணைத் திறந்து என்ன நடந்தது என்று தெரியாமல் ஒவ்வொருவரையும் பார்த்தாள். ஹாரூன், "சும்மா டெஸ்ட்டு" என்றான், நான் இல்லை என்றேன், டெஸ்ட் இல்லை என்றேன், வரப்பில் நாலு எட்டு வைத்து அவள் பக்கத்தில் போனேன், அந்த நாலு எட்டுக்குள் எத்தனை பொய் தயாரானது. அழித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளலாம், எடிட்டில் போட்டுவிட்டுத் திரையில் பார்க்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளலாம், பாத்தியா எவ்வளவு அழகா இருக்க என்று சொல்லி அவளை அழ வைக்கலாம், எல்லாரும் கைதட்டுவார்கள், அது நல்ல காரியம் மாதிரியே இருக்கும். "அன்னைக்கு கேன்டீன்ல நான் உன்ட்ட கேக்கல, பேச்சி," என்றேன், "கேக்குற மாதிரி நானே சொல்லிட்டேன்." அவள், "தெரியும்" என்றாள். "தெரிஞ்சுமா எடம் வாங்கிக் குடுத்த?" "பாட்டு என்னுதுல்லா. அது வெளிய வரணும்லா." பிறகு, "காட்டு," என்றாள். ஹாரூன் ஓட்டிக் காட்டினான். கையால் வெயிலை மறைத்துக்கொண்டு அந்தச் சின்னத் திரையில் அவளை அவளே பார்த்தாள், முழு நாற்பது நொடியும் பார்த்தாள். "எங்கம்ம மாதிரியே இருக்கேன்." அழகாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாயை மூடிக்கொண்டு கேட்டேன்: "நீ நடிக்கியா?" அவள் அளத்தைப் பார்த்தாள். "மாட்டேன். வேலைக்கு நிக்கையில என் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். அத கிளாஸ்ல உக்காந்து பாத்து, ஐயோ பாவம்னு சொல்லுவாவ. எனக்கு வேண்டாம். அன்னைக்கே நீ கேட்டிருந்தாலும் இததான் சொல்லியிருப்பேன்." அப்படியென்றால் நான் செய்தது ஒன்றும் தப்பில்லையே என்று மனசு ஒரு துள்ளு துள்ளியது, வெட்கமே இல்லாமல். அவள் விடவில்லை. "ஆனா நீ கேக்கல," என்றாள்.

அழித்தோம். ஹாரூன் அழிக்க மாட்டேன் என்று பட்டனிலிருந்து கையை எடுத்துக்கொண்டான், "இத வச்சே பாஸாயிரலாம் கோமு" என்றான், நான்தான் அழுத்தினேன். இதுவரை நான் எடுத்ததிலேயே, எடுத்தது அவன்தான் என்றாலும், நல்ல ஷாட் அதுதான், அப்படி ஒன்று இனி எப்போது கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது, பெருந்தன்மையாக எதுவும் தோன்றவில்லை, வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. பேச்சி அதற்குள் ஷைனியிடம் போய்விட்டாள். "இங்கன கைய வையி" என்று அவளுடைய கையை எடுத்துத் தன் விலாவில் வைத்துக்கொண்டு பாடினாள், "இப்ப உள்ள போவுது பாரு, இப்ப, மூக்கால இல்ல, வாயத் தொறந்து வச்சிக்கிட்டே எடுக்கணும்," ஷைனி "யம்மா, இதுவா!" என்றாள், ரெண்டு பேரும் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். நான் நடுவில் போய், ஷைனி கொஞ்சம் இடது பக்கம் நில்லு, என்றேன். "நீ சித்த சும்மா இரி" என்றாள் பேச்சி. இருந்தேன். "பேரு மொதல்ல எனக்குத்தான் வரணும்," என்றாள் திரும்பாமலே, "பேச்சின்னு போடாத. பேச்சியம்மாள். பாட்டும் குரலும்னு போடு." போடுகிறேன் என்றேன். சார் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் ஓடியது, ஓடட்டும். பதினாறாவது டேக் ஐந்து ஐம்பதுக்கு எடுத்தோம். வாய் சரியாக இருந்தது, அரை நொடி இல்லை, கால் நொடி இல்லை. வெளிச்சம்தான் செத்துப் போயிருந்தது, அம்பாரங்கள் சாம்பல் நிறமாகிவிட்டன, ஷைனி குளிரில் நிற்கிறவள் மாதிரி இருந்தாள். அண்ணாச்சி வாசலிலிருந்து கையை ஆட்டி, "ஏ பிள்ளைகளா, போதும், கெளம்புங்க!" என்று கத்தினார். ஹாரூன் ஒயரைச் சுருட்டப் போனான். "கெடச்சிட்டா?" என்று பேச்சி கேட்டாள். கிடைத்துவிட்டது, பிரமாதம், என்று சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அவளும் காலையிலிருந்து நிற்கிறாள். "சுமாருதான்" என்றேன். பேச்சி சிரித்தாள், இன்றைக்கு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். "சுமாருன்னா எதுக்கு விடணும்?" என்றாள், அண்ணாச்சி பக்கம் திரும்பி, "மாமா, ஒரே ஒரு தரம்!" என்று கூவினாள், அவர் என்ன சொன்னார் என்பது காற்றில் கேட்கவில்லை, வரப்பில் ஏறி எங்களை நோக்கி வர ஆரம்பித்தார், ஹாரூன் ஒயரை அப்படியே போட்டுவிட்டுக் கேமராவுக்கு ஓடினான், ஷைனி கீறின காலைத் தூக்கி வைத்து நின்றாள், நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை, பேச்சியம்மாள் பாட ஆரம்பித்துவிட்டாள்.